தொண்டைக்கு எட்டாத சுருதி

பாட்டு டீச்சராக இருபது வருடம் ஆகிறது. சில ஆண்டுகளாகக் குடியாத்தம் பக்கத்து ஊர்களில் பீடி சுற்றும் பெண்களோடு உட்கார்ந்து பாட்டுக் கட்டுகிறேன். இந்த வேலைக்கு வர நினைப்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: கூட்டத்தில் யாராவது வாயே திறக்கவில்லை என்றால் கூச்சம் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் உங்கள் சுருதிப் பெட்டியைப் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி, கவுண்டன்ய ஆறு கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. அதைப் பாட்டாக்கலாம் என்று போனபோது மெட்டை வீட்டிலேயே முடித்து எடுத்துப்போனேன். சுருதி, வகுப்பில் பெண்களுக்கு வழக்கமாக வைக்கும் ஐந்தரைக் கட்டை. (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் ஏறினால் குரலும் மேலே ஏற வேண்டும்.) பள்ளிக்கூடப் பிள்ளைகள் உற்சாகமாகப் பாடினார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் ஓர் அம்மா சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் கீது டீச்சர். எங்க தொண்டைக்குத்தான் எட்டல."

வயது ஏற ஏறப் பெண்களின் குரல் தாழும். இவர்களுக்கோ நாள் முழுக்கப் புகையிலைத் தூளில் உட்கார்ந்து இருமல் வேறு. மூன்று கட்டைக்கு இறக்கினேன். அன்றைக்கே பாட்டு மாறிவிட்டது. நான் எழுதிய 'வெள்ளம் சூழ்ந்த வேளையிலே' போய் 'ஆறு வந்துச்சி, அடுப்பு நனஞ்சிச்சி' வந்தது. தாளம்கூட என்னுடையது இல்லை. பீடிக்கு நூல் சுற்றும் கையின் வேகம் அது.

இப்படிப் பலர் சேர்ந்து பாட்டுக் கட்டுவதற்கு, நம் பக்கத்துப் பாரதக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு வழி தெரியும். வேஷக்காரர் ஓர் அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். அதையே இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறேன். யார் எந்த அடியைச் சொன்னாலும் மற்றவர்கள் உடனே வாங்கிப் பாட வேண்டும். நல்லதா கெட்டதா என்ற பேச்சே கிடையாது. நாலு முறை பாடுவதற்குள் நாக்கில் நிற்காத சொல் தானாக உதிர்ந்துபோகும். யாரும் யாரையும் திருத்தி மனம் நோகச் செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்று, பெயர். இப்படிக் கட்டிய ஒரு பாட்டு ஒரு விழா மேடையில் என் பெயரில் மட்டும் அறிவிக்கப்பட்டது. கீழே அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. இவருடைய பங்கு இது, அவருடைய பங்கு அது என்று பிரிக்க முடியாதபடி பலர் சேர்ந்து செய்ததைக் கூட்டுப் படைப்பு என்றுதான் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. உரிமையும் எல்லாருக்கும் உண்டு. ஆகவே பாட்டு முடிந்த அன்றே ஒரு நோட்டில் எல்லாப் பெயரையும் எழுதுங்கள், தேதி போடுங்கள், செல்போனில் பதிவும் செய்து வையுங்கள். மேடைக்கு வராதவர் பெயரையும் வாசியுங்கள். கூலி ஆயிரம் பீடிக் கணக்கு. அன்றைய ஆயிரம் முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்தான் சில நேரம் பல்லவியைக் கொடுத்தவராக இருப்பார்.