மருந்து டாங்கியிலிருந்து பீலிக்கரை வரை

இலங்கையின் மலையகத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை கிடையாது. நாட்டிலுள்ள ஒரே ஆலை 1969 முதல் கொழும்புக்கு அருகே சப்புகஸ்கந்தையில் இயங்குகிறது. ஆனால் பெற்றோலிய இரசாயனத்தை முதுகில் சுமந்து நடக்கிறவர்கள் தேயிலை மலையில் இருக்கிறார்கள். எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினி கிரெசோல் என்ற இரசாயனத்திலிருந்து செய்யப்படுகிறது. கிளைபோசேட் என்ற இன்னொரு களைநாசினியின் போத்தலில், மருந்தை இலையில் பரவி ஒட்ட வைக்கும் சோப்பு போன்ற பொருளுக்கு எதிலீன் ஒக்சைட் வேண்டும். பூச்சி மருந்துகள் பலவற்றைக் கரைத்து வைத்திருப்பது சைலீன் வகைத் திரவம்.

மருந்தின் பெயர் காலத்துக்குக் காலம் மாறும். 2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டபோது தோட்டங்கள் எம்.சி.பி.ஏ. பக்கம் போயின. பிறகு அதன் எச்சம் தேயிலைத்தூளில் இருப்பதாக ஜப்பானிலிருந்து முறைப்பாடு வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் திரும்ப அனுமதிக்கப்பட்டது. எந்த மருந்து வந்தாலும் அது உடம்புக்குள் போகும் வழி அநேகமாக ஒன்றுதான்: தோல்.

பலரும் மூக்கைத்தான் நம்புகிறார்கள். வாடை அடித்தால் பயம், அடிக்காவிட்டால் பயமில்லை. கிளைபோசேட் ஆவியாவது மிக மிகக் குறைவு, அதனால் மூக்கு எதையும் சொல்லாது. வாயில் கட்டும் துணி இன்னும் மோசம். தூவலில் நனைந்து, மருந்தை மணிக்கணக்கில் முகத்தோடு ஒட்டி வைத்திருக்கும்.

தோலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பரத்தியன் என்ற பூச்சி மருந்தை மனிதத் தோலின் பல இடங்களில் தடவி அளந்து பார்த்த ஆய்வு முடிவு 1971இல் வெளியானது. முன்கையில் தடவியதில் 8.6 சதவீதம் உள்ளே போனது. உள்ளங்கையில் சுமார் 12, வயிற்றில் 18, நெற்றியில் 36. விதைப்பையில் தடவியது கிட்டத்தட்ட முழுவதுமே இரத்தத்தில் சேர்ந்தது. வேறு மருந்துக்கு அளவுகள் வேறாக இருக்கும். எந்த இடம் கூட, எந்த இடம் குறைவு என்ற வரிசைதான் முக்கியம்.

இந்த வரிசையை மனதில் வைத்து 16 லீற்றர் டாங்கியைப் பாருங்கள். மூடியின் வொஷர் தேய்ந்திருந்தால், குனியும்போதெல்லாம் மருந்து தளம்பி முதுகில் வடியும். முதுகிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தொடை இடுக்குக்கும் இறங்கும். ஆக அதிகமாக உறிஞ்சும் இடத்துக்கே போய்ச் சேருகிறது. ஈரக் காற்சட்டையோடு நாலு மணி நேரம் நடப்பதுதான் மருந்தடிப்பில் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. முகமூடியைப் பற்றிப் பேசுவதில் பாதியாவது வொஷரைப் பற்றிப் பேசவேண்டும். காலையில் வெறும் தண்ணீரை ஊற்றி, பம்ப் அடித்து, மூடி, குழாய்ப் பூட்டு, கைப்பிடி மூன்றிலும் கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். டாங்கியைக் கழுத்து வரை நிரப்பக்கூடாது. நாசில் அடைத்தால் வாயால் ஊதக்கூடாது. தண்ணீரும் பழைய பல் தூரிகையும் போதும்.

கலக்கும் வேலை சில நிமிடந்தான், ஆனால் அடிப்பதை விடக் கடுமையானது. லீற்றருக்கு 360 கிராம் வீரியப் பொருள் உள்ள மருந்தை நூறில் ஒன்றாகக் கலந்தால், போத்தலிலிருந்து கையில் சிந்தும் 1 மில்லிலீற்றர், கலந்த மருந்து 100 மில்லிலீற்றர் சிந்தியதற்குச் சமம். கலக்கும்போது நைட்ரைல் என்ற செயற்கை இறப்பர் கையுறை வேண்டும். துணிக் கையுறை மருந்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதைவிட வெறுங்கையை உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். தரையிலுள்ள புல்லுக்கு அடிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்கட்டும், காற்சட்டை பூட்ஸுக்கு வெளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் வடிகிற மருந்து உள்ளே இறங்கி அங்கேயே தேங்கும்.

இனிக் காற்று. அரை மீற்றர் உயரத்திலிருந்து 0.4 மில்லிமீற்றர் துளி ஒரு நொடியின் மூன்றிலொரு பங்கில் தரையைத் தொடும். 0.1 மில்லிமீற்றர் துளிக்கு ஏறக்குறைய 2 நொடி வேண்டும். 0.02 மில்லிமீற்றர் துளிக்கோ 40 நொடி ஆகும். நொடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் மெல்லிய காற்று வீசினாலே அது 40 மீற்றர் போய்விடும். அழுத்தம் கூடினால் துளி சிறுக்கும். புல் மருந்துக்குத் தட்டையாக விசிறும் நாசிலும் குறைந்த அழுத்தமும் கேட்பது இதனால்தான்.

விடிகாலையில் காற்றே இல்லை, அதுதான் நல்ல நேரம் என்று நினைப்பவர்கள் உண்டு. மலைச்சரிவில் அது தவறு. தெளிந்த இரவில் நிலம் குளிர்கிறது, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, சரிவு வழியாகப் பள்ளத்துக்கு வடிகிறது. மேலே இளஞ்சூடான காற்று மூடி போல நிற்கும். அப்போது அடித்தால் சிறு துளிகள் கலைந்து போகாமல் குளிர்காற்றோடு சேர்ந்து கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கும். இதைக் கண்டுபிடிக்க கருவி தேவையில்லை. லயத்து அடுப்புப் புகையைப் பாருங்கள். கூரை மட்டத்தில் படுத்துக் கிடந்தால் மூடி இன்னும் இருக்கிறது. வெயில் ஏறி, புகை சாய்வாக மேலெழுந்து, இலை மெல்ல அசையும்போது தொடங்கலாம். பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். அப்படி வீசும் நாளில் மேல் நிரையில் தொடங்கி, நிரை நிரையாகக் கீழே இறங்கினால் மருந்து ஏற்கெனவே அடித்த பக்கமே போகும். நனைந்த புல்லில் கால் வைக்கவும் நேராது.

மண்ணில் விழுந்த கிளைபோசேட், நமது செம்மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஒக்சைட்டுகளில் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆழத்துக்கு இறங்குவது குறைவு, ஆனால் மண் கரைந்தால் மண்ணோடு போகும். மழை பெய்து கான் (வடிகால்) சிவப்பாக ஓடும்போது அதுவும் ஓடுகிறது. எம்.சி.பி.ஏ. மண்ணில் அவ்வளவு ஒட்டாது, தண்ணீரோடே நகரும். குடிக்கிற தண்ணீர் ஊற்றிலிருந்து பீலிக்கு (தண்ணீர் விழும் குழாய்க்கு) வரும் இடங்களில், ஊற்றுக்கு மேலேயும் கான் ஓரத்திலும் மருந்தே வேண்டாம், கையால் புல் பிடுங்கட்டும். மழை வரும் நாளில் அடிக்கவும் வேண்டாம்.

காலிப் போத்தலின் கணக்கையும் பார்ப்போம். அதே 360 கிராம் மருந்தின் ஒரு லீற்றர் போத்தலை ஊற்றி முடித்தபின் 10 மில்லிலீற்றர் ஒட்டியிருந்தால் அதில் 3.6 கிராம் வீரியப் பொருள் இருக்கும். 750 மில்லிலீற்றர் தண்ணீரை ஒரே தடவையில் விட்டு அலசி ஊற்றினால் 47 மில்லிகிராம் மிஞ்சும். அதே தண்ணீரை 250, 250, 250 என்று மூன்று தடவையாக விட்டு, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் குலுக்கி ஊற்றினால் மிஞ்சுவது 0.2 மில்லிகிராம். செலவான தண்ணீர் ஒன்றே, மீதி இருநூறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அலசிய தண்ணீர் டாங்கிக்குள்தான் போகவேண்டும், கானுக்குள் அல்ல. பிறகு போத்தலின் அடியில் ஓட்டை போடுங்கள். எத்தனை அலசினாலும் அது மண்ணெண்ணெய்க்கோ தண்ணீருக்கோ உதவாது.

உடுப்பு வீட்டுக்குள் வரக்கூடாது. பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல், பீலிக்கரையில் துவைக்காமல், தனி வாளியில் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை அலசி, அந்தத் தண்ணீரைக் கானுக்கும் ஊற்றுக்கும் தூரமான மண்ணில் ஊற்றவேண்டும். கொழுந்தெடுக்கப் போகும் பெண்களுக்கு அந்த மலையில் என்ன மருந்து, எப்போது அடித்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். காய்ந்த மருந்தைப் பனி மறுபடி கரைக்கும். இடுப்பில் கட்டும் படங்கும் முழங்காலும் அதில்தான் நனைகின்றன.

மேலில் பட்டால் உடுப்பைக் கழற்றிப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். லேபிளையும் கூடவே எடுத்துப் போங்கள். எச்சில் வடிந்து, வேர்த்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கினால் டாக்டருக்கு ஒரு வகை மருந்து ஞாபகம் வரும், ஆனால் எல்லா மருந்தும் அப்படி அடையாளம் காட்டாது. போத்தலில் என்ன இருந்தது என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவர் உறுதி செய்யவேண்டும்.