ரெசிடென்ட்: குடியிருப்பாளரா, வதிவாளரா?

'நான்-ரெசிடென்ட் இந்தியன்' என்பதை 'வெளிநாடுவாழ் இந்தியர்' என்று எழுதிப் பழகிவிட்டோம். கேட்க இனிய தொடர்தான். ஆனால் மூலச்சொல் வெளிநாட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. 'இங்கே தங்காதவர்' என்பதோடு அது நின்றுவிடுகிறது.

இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகத் தோன்றக் காரணம் மாலுமிகள். வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குச் செல்லும் சரக்குக் கப்பலில் எட்டு மாதம் வேலை பார்க்கும் இந்திய மாலுமி, எந்த அயல்நாட்டிலும் வாழவில்லை. வீடும் குடும்பமும் இந்தியாவில்தான். ஆயினும் அவருடைய சிடிசி புத்தகத்தில் (மாலுமியின் கடற்பணிப் பதிவேட்டில்) பதிந்த கப்பலேறிய தேதியையும் இறங்கிய தேதியையும் வைத்து நாள் எண்ணினால், இந்தியாவில் இருந்தது 182 நாளுக்குக் குறைவு. வருமான வரிக்கு அவர் பொதுவாக நான்-ரெசிடென்ட்தான். 'வெளிநாடுவாழ்' என்ற அடை அவருக்கு எப்படிப் பொருந்தும்?

ரெசிடென்ட் என்பதன் வேர் லத்தீன் 'ரெசிடேரே'. 'செடேரே' என்றால் உட்கார்தல். ஓரிடத்தில் அமர்ந்து தங்கிவிடுவது என்று பொருள் விரிந்தது. முன்னே அமர்பவரான 'பிரசிடென்ட்'டும் இதே வேரில் வந்தவர்தான். ஆங்கிலேயர் காலத்தில் திருவிதாங்கூர் போன்ற அரசவைகளில் தங்கியிருந்த கம்பெனிப் பிரதிநிதிக்கும் 'ரெசிடென்ட்' என்றே பதவிப் பெயர்.

தமிழில் 'குடியிருப்பாளர்' என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'குடி' என்றதும் குடிமகன், குடியுரிமை என்று மனம் ஓடும். குடிமகனாகவே இருந்துகொண்டு ரெசிடென்ட் ஆகாமல் இருக்கலாம் என்பதுதானே இங்கே விஷயமே! 'வதிதல்' என்றால் தங்குதல். சங்கப் பாடல்களிலேயே வழங்கும் சொல். இலங்கையில் 'வதிவிட விசா' அன்றாட வழக்கு. எனவே வதிவாளர், வதியாதவர். 'நிரந்தர வதிவாளர்', 'வதிவுச் சான்று' என்று இழுத்த பக்கமெல்லாம் இந்தச் சொல் வளைந்து கொடுக்கிறது.

நாளை எண்ணும் இடத்தில் இன்னொரு சொல் தேவைப்படுகிறது. கனடாவில் குடியுரிமை கேட்பவர், விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாள் அந்நாட்டு மண்ணில் இருந்திருக்க வேண்டும். வீடு அங்கே இருந்தால் போதாது, ஆளே இருக்க வேண்டும். இதை 'நேரடி இருப்பு' என்று தனியே பெயரிட்டுக்கொள்வது நல்லது. 10ஆம் தேதி புறப்பட்டு 20ஆம் தேதி திரும்பினால், கனடாவின் குடியுரிமைக் கணக்கில் வெளியே இருந்தது 9 நாள். போன நாளும் வந்த நாளும் உள்ளே இருந்த நாட்களாகவே சேரும். பிரிட்டனின் வரிக் கணக்கோ, பொதுவாக, நள்ளிரவில் ஆள் நாட்டுக்குள் இருந்தாரா என்று பார்க்கும். அதே தேதிகளில் அங்கிருந்து போய்த் திரும்பியவர் 10 இரவு வெளியே இருந்தவர் ஆகிறார்.

ஆகவே கடவுச்சீட்டு முத்திரைகளைப் பார்த்து நாள் எண்ணுபவர், 'வெளிநாட்டில் இருந்த நாள்' என்று பொதுவாகக் குறித்து வைக்க வேண்டாம். குடியுரிமைக்கு ஒரு பத்தி, வரிக்கு ஒரு பத்தி. இரண்டின் தலைப்பிலும் 'இருப்பு நாள்' என்றே எழுதுங்கள்.