உகப்பாக்கம்: ஆப்டிமைசேஷனுக்கு ஏற்ற சொல்

மதுரை வடபழஞ்சிப் பக்கம் மென்பொருள் வேலை பார்க்கும் பையன்களிடம் ‘ஆப்டிமைஸ்’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். “வேகமா ஓட வைக்கிறதுண்ணே” என்பார்கள். அது பாதிப் பொருள்தான்.

இலத்தீனில் ‘ஆப்டிமஸ்’ என்றால் மிகச் சிறந்தது. நல்லது என்று பொருள்படும் ‘போனஸ்’ என்ற சொல்லின் உச்ச வடிவம் அது. (தீபாவளிக்கு முதலாளியிடம் கேட்கிறோமே, அதே போனஸ்தான்.) கணிதத்தில் ஆப்டிமைசேஷன் என்பது, விதித்த கட்டுப்பாடுகளுக்குள் கிடைக்கக்கூடியதில் சிறந்ததைக் கண்டறிவது. நிரலாளர் (புரோகிராமர்) பேச்சுக்கு வந்தபோது கட்டுப்பாடுகள் கழன்றுபோய் வேகம் மட்டும் மிஞ்சிவிட்டது.

தமிழில் ‘மேம்படுத்தல்’ என்று எழுதுகிறார்கள். அப்டேட்டுக்கும் அதையே போடுவதால் குழப்பம். ‘உத்தமமாக்கல்’ இலத்தீனுக்கு நேர்ச்சொல்தான். ஆனாலும் நிரலைத் திருத்தி நல்லவனாக்குவதுபோல் ஒலிக்கிறது. ‘உகப்பாக்கம்’ இவற்றைவிட நன்றாகப் பொருந்துகிறது. உகப்பு என்றால் உயர்வு என்று தொல்காப்பிய உரியியலில் நூற்பாவே உண்டு. உகத்தலுக்கு மகிழ்தல், விரும்புதல் என்ற பொருளும் உண்டு. அழகர்கோயில் போன்ற வைணவத் தலங்களை ‘உகந்தருளின நிலங்கள்’ என்பது அந்தப் பொருளில்தான். இன்றைய பேச்சில் ‘விதைக்க உகந்த மாதம்’ என்றால் பொருத்தமான மாதம். உகந்தது என்றதுமே எதற்கு, யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

நிரலின் கட்டளைகளை வாங்கி ஓட்டும் மென்பொருளான மெய்நிகர் பொறிகளில் அந்தக் கேள்வி இல்லாமல் முடியாது. பைத்தான் என்ற நிரல்மொழியில் இரண்டு மதிப்புகளைக் கூட்டச் சொன்னால், அவை எண்ணா, எழுத்துச் சரமா, வேறு ஏதாவதா என்று பார்த்து, அதற்குரிய கூட்டலைத் தேடிப்பிடித்துச் செய்வது பழைய வழி. 2022இல் வந்த 3.11 பதிப்பு, ஓர் இடத்தில் முழு எண்களே திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் கட்டளையை முழு எண்ணுக்கான தனிக் கட்டளையாக மாற்றிக்கொள்கிறது. வேறு வகை வந்தால் பொதுவழிக்குத் திரும்பும். 3.10ஐவிடச் சராசரியாக 25 விழுக்காடு வேகம் கூடியது. அதில் இந்த உத்திக்குப் பெரிய பங்கு. ஆனால் முன்பு ஒன்றாக இருந்த கூட்டல் இப்போது முழு எண்ணுக்கு ஒன்று, தசம எண்ணுக்கு ஒன்று, சரத்துக்கு ஒன்று எனக் கிளைத்துவிட்டது. போதாததற்குப் பொதுவழிக்குத் திரும்பும் பாதையும் உண்டு. கூட்டலில் கைவைக்கிறவர் அத்தனையையும் சரிபார்க்க வேண்டும். பிழை ஒளிந்துகொள்வது பெரும்பாலும் அந்தத் திரும்பும் பாதையில்தான்.

இந்த இடத்தில் அந்தச் சுமை தகும் என்பேன். கூட்டல் வராத நிரல் ஏது? எப்போதாவது ஓடும் கட்டளைக்கு இதே ஏற்பாடு வீண்.

2024இல் வெளிவந்த 3.13 பதிப்பில், ஓடும்போதே இயந்திரமொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலர் சோதனை முயற்சியாகச் சேர்ந்தது. வழக்கமான நிறுவலில் அது அணைந்தே கிடக்கும். சோதனை நிலை தாண்ட என்ன வேண்டும் என்று பைத்தான் மேம்பாட்டுக்கான 744ஆம் முன்மொழிவு (PEP 744) சொல்கிறது: பரவலான ஒரு தளத்திலாவது ஏறத்தாழ 5 விழுக்காடு வேகம் கூட வேண்டும். அதோடு, பராமரிப்புச் சுமை, நினைவகச் செலவு, வேறு வடிவமைப்புக்கு வழியுண்டா என்பவற்றையும் எடைபோட வேண்டும். உகப்பாக்கம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை எழுத முடியாது.

வினையாக ‘உகப்பாக்கு’, அந்த வேலையைச் செய்யும் நிரலுக்கு ‘உகப்பாக்கி’, பொதுவழிக்குத் திரும்புவதற்கு ‘உகப்புநீக்கம்’ என்று ஆளலாம். வேகத்தை மட்டுமே சொல்ல வேண்டுமென்றால் ‘விரைவாக்கம்’ போதும்.