கட்டியை எடுத்தோம், பார்வை திரும்பவில்லை

மகன் கைபிடித்து அழைத்து வந்த பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். ஓராண்டாகத் தலைவலி, காலையில் எழுந்ததும் அதிகம். எட்டு மாதமாகக் கண் மங்கல். அதற்குள் மூன்று முறை கண்ணாடி மாற்றியிருந்தார்கள். முதன்முதலாக ஸ்கேன் எடுத்த அன்று அவருக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி இரண்டு பார்வை நரம்புகளையும் நசுக்கியிருந்தது. முழுதாக எடுத்தோம். புற்றுநோய் இல்லை என்று பயாப்சியும் வந்தது. பத்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார், மகன் கையைப் பிடித்தபடி.

மூளைக் கட்டி என்றாலே கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வேறு உறுப்பிலிருந்து பரவி வருபவற்றை விட்டுவிட்டால், மூளையிலும் அதன் உறைகளிலும் தோன்றும் கட்டிகளில் பெரும்பகுதி புற்றுநோயே அல்ல. மெனிஞ்சியோமாவையும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டியையும் உரிய காலத்தில் எடுத்தால் பலர் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடுவார்கள். ஏழை நாடுகளில் பார்வையையும் உயிரையும் பெரும்பாலும் பறிப்பது தாமதம்தான். என்னை அதிகம் வருத்துவது இதுவே.

பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்குக் கிடைப்பதில்லை என்று 2015இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் கணக்கிட்டது. மூளை, தண்டுவட அறுவை சிகிச்சை அவசியமாகத் தேவைப்பட்டும் கிடைக்காமல் போகிறவர்கள் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பேர் என்றது 2018இல் வந்த ஓர் ஆய்வு. தலைக்காயமும் இதில் அடக்கம். இந்தக் குறையைப் போக்க இன்னும் 23,300 நியூரோ சர்ஜன்கள் வேண்டும் என்றும் அது சொன்னது.

ஆனால் சர்ஜன் மட்டும் வந்தால் போதாது. மண்டையைத் திறக்குமுன் கட்டி எங்கே, எவ்வளவு என்று ஸ்கேன் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும் ஒரே சி.டி. மெஷின் உதிரிபாகத்துக்காக மாதக்கணக்கில் நின்றால் அந்த மாதங்களிலும் கட்டி வளர்ந்துகொண்டுதான் இருக்கும். மெனிஞ்சியோமா ரத்தம் நிறையச் சிந்தும் கட்டி; ரத்த வங்கியில் போதிய இருப்பு இல்லாமல் கத்தியைத் தொட எனக்குத் துணிவு வராது. மூளை வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கத் தெரிந்த மயக்க மருத்துவர் வேண்டும். அன்றிரவு முழுக்க நோயாளியின் கண்பாவையை டார்ச் அடித்துப் பார்க்கும் ஐ.சி.யு. செவிலியரும் வேண்டும். இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும், திறமையாகச் செய்த ஆபரேஷன் விடிவதற்குள் வீணாகிவிடலாம்.

அதன்பின் பயாப்சி. எடுத்த திசுவைப் படிக்க நோயியல் மருத்துவர் இல்லையென்றால் அடுத்து என்ன செய்வது என்றே தெரியாது. புற்றுநோய் என்று தெரிந்தாலும், கதிர்வீச்சு மெஷின் ஒன்றுகூட இல்லாத நாடுகள் ஆப்பிரிக்காவில் இன்றும் உண்டு.

வெளிநாட்டுக் குழு ஒரு வாரம் வந்து இருபது ஆபரேஷன் செய்துவிட்டுப் போவதில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. அவர்களின் நல்ல மனத்தைக் குறை சொல்லவில்லை. பத்தாம் நாள் தையல் வழியே மூளைநீர் கசிந்தால் பார்ப்பது யார் என்பதே என் கேள்வி. நிலைத்து நிற்பது பயிற்சிதான். ஆப்பிரிக்க டாக்டர்களுக்கென்று 2002இல் மொராக்கோவின் ரபாத் நகரில் தொடங்கிய பயிற்சி மையம் அப்படிப்பட்டது. கற்றவர்கள் தம் நாட்டுக்கே திரும்பி அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

எளிய கருவிகளையும் குறைவாக எண்ண வேண்டாம். மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்கு வடிக்கும் ஷண்ட் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி நீர்ப்பாதையை அடைத்துவிட்ட குழந்தைகளுக்கும் இதைத்தான் வைக்கிறோம். இந்தியாவில் தயாராகும் சாப்ரா ஷண்டையும், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஒரு மேலைநாட்டு ஷண்டையும் உகாண்டாவில் ஒப்பிட்டு 2005இல் முடிவு வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பலனில் வித்தியாசம் தென்படவில்லை.

தாமதத்துக்கு இன்னொரு காரணத்தை அடிக்கடி பார்க்கிறேன். தலைவலிக்கு யாரோ டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது, குடும்பமும் நிம்மதியாகிறது. உண்மையில் அது வடியவைப்பது கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை மட்டும். கட்டி அங்கேயேதான் இருக்கும். இப்படிச் சில மாதங்களை இழந்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

காலைத் தலைவலியோடு வாந்தி, பெரியவர்களுக்கு முதன்முறையாக வரும் வலிப்பு, ஒரு காதில் மட்டும் மெல்லக் குறையும் கேட்கும் திறன், கண்ணாடி மாற்றியும் தெளியாத பார்வை: இவற்றில் எது இருந்தாலும் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கிளினிக்கில் இருக்கும் டாக்டர்களிடமும் கண் பரிசோதகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கண்ணாடிக்கு எழுதிக் கொடுக்குமுன் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் ஆப்தால்மோஸ்கோப்பால் பார்வை நரம்பின் தலைப்பைப் பாருங்கள். கட்டி இருந்தால் அது வீங்கியிருக்கலாம், வெளுத்தும் இருக்கலாம். பிறகு நோயாளிக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, அதற்கு நேரெதிரே உள்ள உங்கள் கண்ணையும் மூடிக்கொண்டு, உங்கள் விரலைப் பக்கவாட்டிலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவாருங்கள். உங்களுக்குத் தெரியும் விரல் அவருக்குத் தெரியவில்லையென்றால் பார்வைப் புலம் குறைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை. அந்தப் பெண்மணி மூன்று முறை கண்ணாடிக்காகப் போய் உட்கார்ந்தபோது ஒருவரும் இதைச் செய்யவில்லை.