பார்த்தது டாக்டர் இல்லை, நர்ஸ் பிராக்டிஷனர்: அமெரிக்க மாநில விதிகள் என்ன சொல்கின்றன?

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவை இருமலுக்காகப் பக்கத்து கிளினிக்குக் கூட்டிப் போகிறோம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கிறார், எக்ஸ்ரே எழுதுகிறார், மருந்துச்சீட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஃபார்மசிக்கு அனுப்பிவிடுகிறார். வெளியே வந்ததும் அப்பா கேட்கிறார்: "எல்லாம் சரிப்பா, டாக்டர் எப்ப வருவாரு?"

டாக்டர் வரமாட்டார். பார்த்தவர் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நர்ஸ் படிப்புக்கு மேல் படித்து, நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் பயிற்சி பெற்றவர். கோட்டில் மாட்டியிருக்கும் அட்டையைக் கவனித்தால் பெயருக்குப் பின்னால் என்.பி. (நர்ஸ் பிராக்டிஷனர்) என்றோ எஃப்.என்.பி. (குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர்) என்றோ போட்டிருக்கும்.

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லோரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள். இன்று என்.பி. ஆக, முதலில் என்கிளெக்ஸ் எனும் நர்ஸ் லைசென்ஸ் தேர்வு எழுதிப் பதிவு பெற்ற நர்ஸாக வேண்டும். அப்புறம் முதுகலை அல்லது டி.என்.பி. எனும் நர்சிங் முனைவர் பட்டம், அதற்குள் நூற்றுக்கணக்கான மணி நேரம் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி, கடைசியாகத் தேசிய அளவிலான சான்றிதழ் தேர்வு. இந்தக் கட்டம் வரை நாடு முழுக்க ஏறத்தாழ ஒரே பாதைதான். லைசென்ஸ் கொடுப்பது மட்டும் மாநிலம், பெரும்பாலும் அந்த மாநிலத்தின் நர்சிங் வாரியம். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

டெக்சாஸின் எல் பாசோவிலிருந்து நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸுக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரே கல்லூரியில் ஒன்றாகப் படித்த இரண்டு பேர், ஊருக்கு ஒருவராகக் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாஸ் குரூசஸில் இருப்பவர் சொந்தமாகக் கிளினிக் திறக்கலாம், நோயைக் கண்டறியலாம், மருந்து எழுதலாம். எந்த டாக்டரின் ஒப்புதலும் தேவையில்லை. எல் பாசோவில் இருப்பவரோ ஒரு டாக்டரோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டால்தான் மருந்துச்சீட்டில் கை வைக்க முடியும். ஒப்பந்தப்படி இருவரும் மாதத்துக்கு ஒருமுறையாவது கலந்து பேச வேண்டும், டாக்டர் சில நோயாளிகளின் குறிப்புகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரு டாக்டர் பொதுவாக 7 பேருக்கு மேல் இப்படிப் பொறுப்பேற்கக் கூடாது. கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கும் அடெரால் போன்ற, கடும் கட்டுப்பாடு உள்ள இரண்டாம் பட்டியல் மருந்தை லாஸ் குரூசஸில் எழுதித் தரலாம். எல் பாசோ கிளினிக்கில் முடியாது, டெக்சாஸில் அந்த அதிகாரம் மருத்துவமனையிலும், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸிலும் மட்டும். மாதம் ஒரு மீட்டிங்கை மேற்பார்வை என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. இந்தக் கையெழுத்துக்காக டாக்டருக்கு மாதாமாதம் பணம் கட்டும் என்.பி.க்களும் உண்டு.

நியூ மெக்சிகோ வழியில் இப்போது பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இருக்கின்றன. சில மாநிலங்கள் நடுவழி பிடித்திருக்கின்றன. நியூயார்க்கில் 3,600 மணி நேர அனுபவம் ஒரு கோடு. அதைத் தாண்டாதவர் டாக்டரோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியா 2020இல் ஏ.பி. 890 என்ற சட்டம் போட்டது. அதன்படி 3 ஆண்டு அல்லது 4,600 மணி நேரம் முடித்தவர், டாக்டர்களும் இருக்கும் கிளினிக், மருத்துவமனைகளில் சுயமாக இயங்கலாம். தனியாகக் கிளினிக் வைக்க மறுபடி 3 ஆண்டு. அதே கலிஃபோர்னியாவில், முனைவர் பட்டமே வாங்கியிருந்தாலும் நோயாளியிடம் தன்னை 'டாக்டர்' என்று என்.பி. சொல்லிக்கொள்ளச் சட்டம் விடுவதில்லை.

மாநில லைசென்ஸ் தவிர, தூக்க மாத்திரை, ஓபியாய்டு வலி நிவாரணி மாதிரி கட்டுப்பாட்டுப் பட்டியல் மருந்துகளை எழுத, மத்திய அரசின் போதைமருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.இ.ஏ.வின் பதிவும் வேண்டும். அதை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

நம்மில் பலர் மாட்டிக்கொள்வது வீடியோ கன்சல்டேஷனில். லைசென்ஸ் எங்கே வேண்டும் என்பதை முடிவு செய்வது நோயாளி அந்த நேரத்தில் இருக்கும் இடம். நியூ ஜெர்சியில் வழக்கமாகப் பார்க்கும் என்.பி.யை, ஃபுளோரிடா சுற்றுலாவில் இருந்துகொண்டு அழைத்தால், "அங்கே எனக்கு லைசென்ஸ் இல்லை" என்று அவர் சொல்லலாம். கோபப்பட வேண்டாம், அவர் வேலைக்கே ஆபத்து. சாதாரண நர்ஸ்களுக்குப் பல மாநிலங்களில் செல்லும் கூட்டு லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அது என்.பி.க்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கென எழுதப்பட்ட, மாநிலங்களுக்கு இடையிலான தனி ஒப்பந்தம் 7 மாநிலங்கள் சேர்ந்தால்தான் நடைமுறைக்கு வரும்.

உங்களைப் பார்த்தவரின் லைசென்ஸ் செல்லுபடியாகிறதா என்று சந்தேகமா? நர்சிஸ் (Nursys) என்ற இணையதளத்தில் பெயரையும் மாநிலத்தையும் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். அங்கே கிடைக்காவிட்டால் மாநில வாரியத்தின் தளத்தில் தேடுங்கள். அவர் மீது புகார் என்றாலும் அந்த வாரியத்துக்குத்தான் எழுத வேண்டும்.

அப்பாவுக்கு டாக்டரேதான் வேண்டும் என்றால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். தேதி இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் போகலாம், அதுவரை இருமல் காத்திருக்குமா என்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.