ஒன்றரை ஷிஃப்ட்டும் ஒரு செயலியும்: மென்பொருள் வெளியீட்டுக்கு முன் நடக்கும் பயனர் சோதனைகள்

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலை அறிந்தவர்களுக்கு ‘சாம்பிள்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மொத்தமாகத் தைப்பதற்கு முன் ஒப்புதலுக்காகத் தைத்துக் காட்டும் மாதிரி அது. முதலில் புரோட்டோ சாம்பிள் தைக்கப்படுகிறது. பிறகு உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஃபிட் சாம்பிள், எல்லா அளவுகளையும் சரிபார்க்க சைஸ் செட், உற்பத்திக்கு வாங்கிய அதே துணியிலும் அதே நூலிலும் தைத்த பிபி (உற்பத்திக்கு முந்தைய) சாம்பிள் என ஒவ்வொன்றுக்கும் பையரின் (ஆடையை வாங்கும் நிறுவனத்தின்) ஒப்புதல் கிடைத்த பிறகே பல்க் துணி கட்டிங் மேசைக்குப் போகிறது. பத்தாயிரம் பீஸ் வெட்டிய பிறகு கழுத்தளவு தவறு என்று தெரியவந்தால் எவ்வளவு நட்டம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மென்பொருளை வெளியிடுவதற்கு முன் பயனர்களைக் கொண்டு நடத்தும் சோதனைகளும் இதே கணக்கில்தான் படிப்படியாக அமைந்திருக்கின்றன.

நிரல் பிழையின்றி இயங்குகிறதா என்று தரச் சோதனையாளர்கள் பார்க்கிறார்கள். அது செக்கிங் மேசையில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு நிகரானது. பயனர் சோதனையின் கேள்வி வேறு: இந்த மனிதர், இந்த இடத்தில், தம் வேலையை இதைக்கொண்டு முடிக்க முடிகிறதா? 1998இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 9241-11 என்ற பன்னாட்டுத் தரநிலை இதை மூன்றாகப் பிரித்து அளக்கச் சொல்கிறது: நினைத்த வேலை முடிந்ததா, அதற்கு எவ்வளவு நேரமும் முயற்சியும் செலவாயின, செய்தவருக்கு நிறைவாக இருந்ததா.

கோவையில் இருக்கும் ஒரு குழு, திருப்பூரில் பவர்டேபிள் எனப்படும் தையல் யூனிட்டுகளுக்காக வருகையையும் வாரச் சம்பளத்தையும் கணக்கிடும் கைபேசிச் செயலி ஒன்றை உருவாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஆனால் செயலியை எழுதுபவரின் மனத்தில் இருக்கும் வேலைநாளுக்கும் தைப்பவரின் வேலைநாளுக்கும் இருக்கும் தொலைவு அதைவிடப் பெரியது.

முதல் சோதனைக்குக் கணினியே தேவையில்லை. திரைகளை வெள்ளைத்தாளில் வரைந்து, யூனிட் நடத்தும் கான்ட்ராக்டர் முன் வைக்கிறார்கள். அவர் விரலால் ஒரு பொத்தானைத் தொட்டதும், குழுவில் ஒருவர் அந்தத் தாளை எடுத்துவிட்டு அடுத்த திரையின் தாளை வைக்கிறார். வருகைத் திரையில் ‘வந்தார்’, ‘வரவில்லை’ என்று இரண்டே கட்டங்கள் இருக்கின்றன. கான்ட்ராக்டர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்க, ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தவங்களுக்கு எங்கீங்க போடறது?” என்று கேட்கிறார். 8 மணி நேரம் ஒரு ஷிஃப்ட், 12 மணி நேரம் பார்த்தால் ஒன்றரை என்பது அங்கே சம்பளக் கணக்கின் அடிப்படை. இந்த நிலையில் அதைத் திருத்த ஒரு பென்சில் கோடு போதும். நிரல் முழுவதையும் எழுதிய பிறகு தெரியவந்திருந்தால் தரவுத்தளம், சம்பளக் கணக்கீடு, அறிக்கைகள் என எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இவ்வளவு எளிய முறை உண்மையிலேயே பயன்படுமா என்று ஐயுறுவோருக்குச் சான்றுகள் உள்ளன. 1996இல் வெளிவந்த பாம் பைலட் கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், முதலில் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் போதெல்லாம் அதை எடுத்துப் பயன்படுத்துவதுபோல் செய்து பார்த்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வீரர்களுக்கான குரல்செய்தி அமைப்பை உருவாக்கிய ஐபிஎம் குழுவும், நிரல் எழுதுவதற்கு முன்பே, அந்த அமைப்பு எப்படிப் பேசும், பயனர் என்ன செய்வார் என்ற காட்சிகளைத் தாளில் அச்சிட்டுப் பலரிடம் காட்டிக் கருத்துக் கேட்டது.

அடுத்தது, இயங்கும் மாதிரியைப் பயனர் கையில் கொடுத்து அருகில் அமர்ந்து கவனிப்பது. என் மதிப்பீட்டில், எல்லாப் படிகளிலும் அதிகம் கற்றுத்தருவது இதுதான். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். இதில் பயனரிடம் ‘இந்தப் பொத்தானை அழுத்துங்கள்’ என்று சொல்லக்கூடாது. “நேற்று இரண்டு பேர் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தார்கள், ஒருவர் மதியமே போய்விட்டார், கணக்கில் ஏற்றுங்கள்” என்று வேலையை மட்டும் சொல்லிவிட்டு, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்படி கேட்க வேண்டும். உரக்கச் சிந்திக்கச் செய்யும் இந்த முறையை மென்பொருள் சோதனைக்குக் கொண்டுவந்தவர் ஐபிஎம்மில் பணியாற்றிய கிளேட்டன் லூயிஸ். 1982இல் அவர் அதை விவரித்து எழுதினார். பயனர் தடுமாறும்போது உதவக் கை நீளும். அதை அடக்கிக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் கவனிப்பவருக்கு மிகக் கடினமான பகுதி.

கொங்கு நாட்டில் இந்தச் சோதனையை நடத்துவோர் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். “எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டால், “நல்லா இருக்குதுங்க” என்ற விடைதான் வரும். வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்லக்கூடாது என்ற மரியாதை அது. அதைக் கருத்துக்கணிப்பாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை. இன்னும் வருத்தம் தருவது, மென்பொருள் தவறும்போது பழியைத் தம் தலையில் போட்டுக்கொண்டு “எனக்குத்தானுங்க தெரியல” என்று சொல்லும் பெண்களின் குரல். அதனால்தான் தொடக்கத்திலேயே, “அக்கா, உங்களைச் சோதிக்கவில்லைங்க, இந்தச் செயலியைத்தான் சோதிக்கிறோம்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, வாய் சொல்வதைக் காட்டிலும் விரல் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். வருகைத் திரைக்குச் செயலியை எழுதியவர்கள் ‘வரவு’ என்று தலைப்பிட்டிருந்தால், கணக்கு எழுதும் அக்காவின் விரல் அங்கே நிச்சயம் தயங்கும்; அவருக்கு வரவு என்பது பணம். ‘முற்பணப் பிடித்தம்’ என்பதைக் காட்டிலும் ‘அட்வான்ஸ்’ என்ற சொல் அவருக்கு உடனே விளங்கும்.

இத்தகைய சோதனைக்கு எத்தனை பேர் வேண்டும்? 1993இல் ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும், தாங்கள் ஆராய்ந்த திட்டங்களில் ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காட்டுச் சிக்கல்களை வெளிக்கொணர்வதைக் கண்டனர். ஒருவர் தவறவிடுவது 69 விழுக்காடு. இரண்டாமவர் அந்த மிச்சத்தில் 69 விழுக்காட்டைத் தவறவிடுவார். இப்படியே ஐந்து பேருக்குப் பெருக்கினால் கண்ணில் படாமல் எஞ்சுவது ஏறத்தாழ 16 விழுக்காடு மட்டுமே. ‘ஐந்து பேர் போதும்’ என்ற பெயர்பெற்ற விதி இங்கிருந்து வந்தது. ஆனால் இது சராசரி. 2003இல் ஆய்வாளர் லாரா ஃபாக்னர் 60 பயனர்களிடம் திரட்டிய தரவிலிருந்து ஐவர் ஐவராகத் தேர்ந்து பார்த்தபோது, சில குழுக்கள் 99 விழுக்காட்டுச் சிக்கல்களைக் கண்டிருந்தன, சில 55 விழுக்காட்டோடு நின்றுவிட்டன. பத்துப் பேர் கொண்ட குழுக்களில் மிகக் குறைந்ததே 80 விழுக்காட்டைத் தொட்டது. மேலும், கான்ட்ராக்டர், கணக்கர், டெய்லர் ஆகிய மூவரும் செயலியை மூன்று விதமாகப் பயன்படுத்துவதால், ஒவ்வொரு வகையினரிலிருந்தும் தனித்தனியே ஆட்களை அழைக்க வேண்டும். வகைக்கு ஐவர் என வரும் பதினைந்து பேரையும் ஒரே நாளில் அழைப்பதைவிட, சிலரைச் சோதித்து, திருத்தி, மறுபடியும் சிலரை அழைப்பது பயனுள்ளது. திருத்தமே புதிய சிக்கலைக் கொண்டுவருவது உண்டு.

ஏறத்தாழ முழுமை பெற்ற செயலியை நிறுவனத்துக்குள்ளேயே இருப்பவர்கள் பயன்படுத்திப் பார்ப்பது ஆல்ஃபா சோதனை. வெளியாட்களிடம் அவர்களின் சொந்தச் சூழலில் விட்டுவிடுவது பீட்டா சோதனை. பீட்டா நீண்டகாலம் நீடிப்பதும் உண்டு. 2004 ஏப்ரல் 1ஆம் நாள் வந்த ஜிமெயில், 2009 ஜூலையில்தான் பீட்டா என்ற அடையாளத்தைக் கழற்றியது. அலுவலக அறையில் தெரியாதவை பீட்டாவில் தெரியவரும். ஓவர்லாக் தையல் இயந்திரங்களின் இரைச்சலில் எச்சரிக்கை ஒலி கேட்காது. பஞ்சுத்தூசி படிந்த விரலுக்குச் சிறிய பொத்தான் வசப்படாது. வாசலில் நின்று வெயிலில் பார்த்தால் வெளிர்சாம்பல் எழுத்துகள் மறைந்துபோகும். தகரக் கூரைக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, ஏற்றிய வருகை இரண்டு முறை பதிவாகிவிடக்கூடும். பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று அறிய ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்து வாக்கியக் கேள்வித்தாளை இந்தக் கட்டத்தில் கொடுத்து 0 முதல் 100 வரை மதிப்பெண் எடுப்பவர்களும் உண்டு; அதன் சராசரி 68 என்பதையும், அது விழுக்காடு அன்று என்பதையும் மறந்துவிடக்கூடாது.

பிறகு வருவது ஏற்புச் சோதனை. சாம்பிள் வரிசையில் பிபி சாம்பிளுக்கு இணையானது இது. மென்பொருளை வாங்குபவர், ஒப்பந்தத்தில் கேட்டவை எல்லாம் இருக்கின்றனவா என்று தம் சொந்தத் தரவைக்கொண்டு பார்த்துக் கையெழுத்திடுகிறார். சம்பளம் போன்ற கணக்குகளில் இதோடு இணை ஓட்டமும் சேர வேண்டும்: பழைய நோட்டும் செயலியும் சில வாரங்கள் ஒன்றாக நடக்கும், ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டின் தொகைகளையும் ஆள்வாரியாக ஒப்பிட வேண்டும். அட்வான்ஸ் பிடித்தம், பண்டிகை வாரத்தின் கூடுதல் வேலை, பாதி வாரத்தில் வேறு யூனிட்டுக்குப் போன டெய்லரின் பாக்கி ஆகியவை இங்கேதான் வெளிப்படும். வேறுபட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் கண்டுபிடிக்கப்படும்வரை நோட்டை மூடக்கூடாது, ஏனெனில் அது ஒரு குடும்பத்தின் வாரச் சம்பளம்.

கையெழுத்தான பிறகும் எல்லோருக்கும் ஒரே நாளில் வழங்குவதில்லை. முதலில் மிகச் சில யூனிட்டுகளுக்கு மட்டும் திறந்து, பிழைப் பதிவுகளைக் கவனித்து, சிக்கல் இல்லையென்றால் வட்டத்தை விரிவாக்குகிறார்கள். இதற்குக் கேனரி வெளியீடு என்று பெயர். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடை மனிதருக்கு முன்பே உணர்த்துவதற்காக 1980கள் வரை கொண்டுசெல்லப்பட்ட கேனரிக் குருவியிலிருந்து வந்தது அந்தப் பெயர். குருவி தடுமாறினால் மக்கள் வெளியேறிவிடுவார்கள். அதுபோல் முதல் சில யூனிட்டுகளில் கோளாறு தெரிந்தவுடன் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை முன்கூட்டியே செய்து, அதையும் ஒருமுறை சோதித்து வைத்திருக்க வேண்டும். திருப்பூருக்கு இதைத் திறக்க ஏற்ற நாள் திங்கட்கிழமை. சனிக்கிழமைச் சம்பளத்துக்கு ஐந்து நாட்கள் இருக்கும்.