ரிவால்வரைத் துடைக்க எதுவரை கழற்றலாம்?

சுட்டுச் சுட்டுத் தேய்ந்த ரிவால்வரைவிட, துடைக்கிறேன் என்று கழற்றிக் கெடுத்த ரிவால்வர்தான் பட்டறைக்கு அதிகம் வரும். இங்கே சொல்வது சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் ஸ்மித் அண்ட் வெசன் வகைக்கு.

முதலில் குண்டுகளை எடுத்து வேறு அறையில் வையுங்கள். சிலிண்டரைத் திறந்து, அதில் குண்டு உட்காரும் அறைகள் எல்லாவற்றையும் கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொன்றையும் விரலால் தொட்டும் பாருங்கள்.

வழக்கமான சுத்தத்துக்குக் கழற்ற வேண்டியது ஒரே ஒரு ஸ்க்ரூ. வலப்பக்கம், விசைக்கு மேலே முன்னால் இருப்பது. அதை எடுத்து, சிலிண்டரைத் திறந்து, அதன் வெளிப்பக்கப் பள்ளம் சட்டத்துக்கு நேராக வரும்படி திருப்பினால் யோக்கோடு (சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கவிடும் கை) சேர்ந்து முன்பக்கமாக வழுக்கிக்கொண்டு வரும். கையால் தாங்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனை காடிக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். வீட்டில் கிடக்கும் ஆப்பு முனை ஸ்க்ரூடிரைவர் காடியைக் கிழித்துவிடும். ஒரு இடத்து ஸ்க்ரூவை இன்னொரு இடத்தில் போடக் கூடாது.

எஜெக்டரை (சுட்ட கூடுகளை வெளியே தள்ளும் கம்பி) அழுத்தி, அதன் பின்முனையில் எழும்பும் நட்சத்திரத் தகட்டின் அடியைப் பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். அங்கே எரியாத வெடிமருந்துத் துகள் இரண்டு இருந்தாலும் சிலிண்டர் இறுகும்; விசை கனக்கும். .357 மேக்னம் துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் குண்டு சுடுபவர்கள் அறைகளுக்குள் உற்றுப் பாருங்கள். .38-இன் கூடு சுமார் 3.4 மில்லிமீட்டர் குட்டை. அது முடியும் இடத்தில் கரி வளையமாகப் படியும். பிறகு .357 குண்டைப் போட்டால் முழுதாக உள்ளே போகாது, சுட்ட கூடும் எளிதில் வெளியே வராது.

எஜெக்டர் கம்பியைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் கவனம். 1960-களின் தொடக்கத்துக்குப் பிறகு வந்தவற்றில் அது இடப்புரி மரை, கழற்ற வலப்பக்கம் திருக வேண்டும். அறைகளில் சுட்ட வெற்றுக் கூடுகளைப் போட்டுக்கொண்டு திருகுங்கள். இல்லாவிட்டால் நட்சத்திரத்தை நிறுத்தும் சிறு ஊசிகள் முறியும்.

சைடு பிளேட்டை (உள் பாகங்களை மூடும் பக்கத் தகடு) தொடாமல் இருப்பதே நல்லது. திறக்க நேர்ந்தால் நெம்பாதீர்கள். நெம்பினால் விளிம்பு வளைந்து, பிறகு ஒருபோதும் சரியாக உட்காராது. கைப்பிடிப் பலகைகளையும் ஸ்க்ரூக்களையும் எடுத்துவிட்டு, கைப்பிடிச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டினால் அதிர்விலேயே தானாக எழும்பும். அப்போது ஒரு மெல்லிய நீளத் தகடு பெரும்பாலும் கீழே விழும். அதுதான் ஹேமர் பிளாக். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் விட்டுவிட்டு மூடினாலும் துப்பாக்கி நன்றாகவே சுடும். ஆபத்தே அதில்தான்: கீழே விழுந்தால் சுத்தி குண்டைத் தொடாமல் தடுப்பது அந்தத் தகடு.

1944-இல் கப்பல் தளத்தில் விழுந்த ஒரு விக்டரி மாடல் (இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்) வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். கெட்டிப்பட்ட கிரீஸ் பழைய மாதிரித் தடுப்பை அசையவிடாமல் பிடித்துக்கொண்டதே காரணம் என்பார்கள். இன்றைய வடிவம் அதற்குப் பிறகு வந்தது. ஆகவே உள்ளே எண்ணெய் ஒரு துளி போதும், கிரீஸ் வேண்டாம்.

மூடியதும், குண்டில்லாத துப்பாக்கியில் விசையை மெதுவாக இழுத்துக்கொண்டே சுத்திக்கு முன்னால் பாருங்கள். தகடு கீழே இறங்குவது தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மறுபடி திறங்கள்.